உப்புக்காற்றில் பழைய மைக்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடற்கரையோரம் எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை இருக்கும். வாசலில் கூம்பு ஸ்பீக்கர்கள், உள்ளே ஆம்ப்ளிஃபயர்கள், பரணில் ஒரு சாக்கு மூட்டை. பழைய மைக்குகள் கிடப்பது அந்த மூட்டையில்தான். முலாம் போய்ப் பச்சைக்களிம்பு ஏறியவை, தலைக்கூடு நசுங்கியவை, வயர் அறுந்தவை. ஊரின் கல்யாணம், கருமாதி, திருவிழா, தேர்தல் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னவை. இப்போது அதே கடைகளுக்கு வரும் வேலை வேறு. தேர்பவனியை யூடியூபில் நேரலையாக விட வேண்டும், பள்ளிவாசல் பயானைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், முளைப்பாரிக் கும்மியை மலேசியாவில் இருக்கும் பேரன் காதில் சேர்க்க வேண்டும். இதற்கென்று புதிதாக யூஎஸ்பி கண்டன்சர் மைக் வாங்குகிறார்கள். பழையது எடைக்குப் போகிறது.

எடைக்குப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழம்பொருள் மீதுள்ள பாசத்தால் சொல்லவில்லை. காற்றின் அசைவை மின்சாரமாக்கும் வேலை, அதாவது மைக்கின் முன்பாதி, 1960களுக்குள்ளேயே பெரும்பாலும் கைகூடிவிட்டது. டிஜிட்டல் காலம் மாற்றியது பின்பாதியை. அந்தச் சின்ன மின்சாரத்தை எப்படிக் கொண்டுபோவது, எங்கே பெருக்குவது, எப்படி எண்ணாக்குவது என்பதெல்லாம் பின்பாதி. முன்பாதியைத் தொடாமல் பின்பாதியை மட்டும் மாற்றத் தெரிந்தால் அந்தச் சாக்கு மூட்டையில் பாதி உயிர்பெற்று எழும். அதிலும் நம் கடற்கரையின் உப்பையும் ஈரத்தையும் காற்றையும் கணக்கில் எடுத்தால், புதிதாக வாங்கும் மைக்கைவிட அதுவே நீண்ட நாள் உழைக்கும்.

பின்துளைகளின் ரகசியம்

பழைய மைக் என்று யாரையாவது வரையச் சொன்னால், செங்குத்துப் பட்டைகள் வைத்த தடித்த குரோமியத் தலை ஒன்றை வரைவார்கள். அது ஷூர் நிறுவனம் 1939ல் கொண்டுவந்த யூனிடைன் 55. அதன் தோற்றத்தைவிட உள்ளே நடப்பது பெரிய விஷயம். அதற்கு முன், முன்னால் பேசுவதை மட்டும் பிடித்துப் பின்னால் வருவதைத் தள்ளும் மைக் வேண்டுமென்றால், ஒரே கூட்டுக்குள் இரண்டு தனித்தனி உறுப்புகளை வைத்து, இரண்டின் மின்சாரத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. பெரிதாக இருக்கும், விலையும் அதிகம். பெஞ்சமின் பாவர் என்ற பொறியாளர் ஒரே காயிலை, அதாவது ஒரே கம்பிச்சுருளை, வைத்து அதைச் செய்துகாட்டினார்.

வழி எளிமையானது. மைக்கின் பின்பக்கமும் ஒலி நுழையத் துளைகள் விட்டார். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டு பாதையில் டயஃப்ரத்தை, அதாவது ஒலி பட்டு அசையும் மெல்லிய சவ்வை, அடையும்: ஒன்று மைக்கைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக, இன்னொன்று பின்துளை வழியே உள்ளுக்குள்ளாக. உள்பாதையில் துணி அடைப்பும் சிறு அறையும் வைத்து அந்த ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து டயஃப்ரத்தின் இரு பக்கத்தையும் சமமாக அழுத்தும், டயஃப்ரம் அசையாது. முன்னாலிருந்து வரும் ஒலிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதனால் அது மட்டும் பதிவாகும். ஒலிபெருக்கியைப் பேச்சாளரின் பக்கத்திலேயே வைத்தும் மைக் கூவாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். 1959ல் யூனிடைன் III என்ற பெயரில் இதே கருத்து ஒல்லியான குழல் வடிவத்துக்கு வந்தது. அதிலிருந்து 1965ல் எஸ்எம்57, 1966ல் எஸ்எம்58. இன்று நம் மேடைகளில் கையில் பிடிக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை, எந்தக் கம்பெனிப் பெயர் போட்டிருந்தாலும், இந்தப் பரம்பரைதான்.

ஆகவே மைக்கின் உள்ளே இருக்கும் துணித்துண்டு, பஞ்சு, பின்துளை எதுவும் அலங்காரம் அல்ல. துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தத் துணியைப் பிய்த்துவிட்டால் மைக்கின் குணமே மாறிவிடும். மேடையில் சிலர் மைக் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடுவார்கள். பின்துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்க ஆரம்பிக்கும், உடனே கூவும். மைக்செட்காரர் தலையில் அடித்துக்கொள்வார். குற்றம் மைக்கில் இல்லை.

இந்த வகை மைக்குக்கு இன்னொரு குணம் உண்டு. வாயை நெருங்க நெருங்க அடித்தொனி, அதாவது பேஸ், கூடிக்கொண்டே போகும். கூம்பு ஸ்பீக்கர் காலத்தில் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை. கூம்பால் அந்த அடித்தொனியை வெளியே கொண்டுவரவே முடியாது. குரலின் நடுப்பகுதிதான் ஊரெல்லாம் கேட்கும். அதே மைக்கை இன்று நேரலைக்கு வைத்தால் கேட்பவர் காதில் இருப்பது இயர்போன். அது அடித்தொனியையும் காட்டும், ‘ப’ சொல்லும்போது வரும் மூச்சையும் காட்டும், ‘ஸ’வின் சீறலையும் காட்டும். “பழைய மைக் டிஜிட்டலுக்குச் சரிவராது” என்று நம் ஆட்கள் சொல்வதில் பாதி இந்த அனுபவம்தான். மைக் கெட்டுப்போகவில்லை, கூம்பு மறைத்துவைத்திருந்ததை இயர்போன் வெளியே சொல்கிறது. ஒரு சாண் தள்ளிப் பேசவைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும். தொனியைத் திருத்துவதுதான் டிஜிட்டலில் மிக மலிவான வேலை. செல்போன் செயலியிலேயே ஈக்வலைசர் இருக்கிறது.

மில்லிவோல்ட் கணக்கு

கஷ்டமான பகுதி மின்சாரத்தின் அளவு. எஸ்எம்58ஐ எடுத்துக்கொள்வோம். வாயருகே வைத்து நன்றாகப் பேசினால் சுமார் 94 டெசிபல் ஒலி அதன் மேல் விழும். அப்போது அது தருவது 1.85 மில்லிவோல்ட். எண்ணாக மாற்றும் சிப்புக்கு ஏறக்குறைய 1 வோல்ட் வேண்டும் என்று வைத்தால், 540 மடங்கு பெருக்க வேண்டும். டெசிபலில் சொன்னால் 55. வயதான ஆத்தா ஒருவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மெதுவாகத் தாலாட்டுப் பாடினால் ஒலி 70 டெசிபல் பக்கம் இருக்கும். மைக் தருவது ஒரு மில்லிவோல்டில் பத்தில் ஒரு பங்கு. மைக் காயிலின் கம்பியே, அதன் மின்தடை காரணமாக, தானாக ஒரு மைக்ரோவோல்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இரைச்சலை உண்டாக்கும். இது இயற்கை விதி, எந்தக் கம்பெனியாலும் தவிர்க்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியில்தான் நம் பதிவு வாழ வேண்டும். மைக்கின் மின்சாரத்தை முதலில் பெருக்குவது ப்ரீஆம்ப்; மட்டமான ப்ரீஆம்ப் தன் இரைச்சலையும் சேர்த்துக் கொட்டினால் ஆத்தாவின் குரல் ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்துக்குள் போய்விடும்.

சின்ன மிக்சர்களையும் மலிவான யூஎஸ்பி பெட்டிகளையும் வைத்துப் பழைய டைனமிக் மைக்கை, அதாவது காந்தத்தில் காயில் அசைந்து மின்சாரம் தரும் வகையை, சோதித்துவிட்டு, “சத்தமே வரலை அண்ணே, மைக் போச்சு” என்று சொல்வது இதனால்தான். அந்தப் பெட்டிகள் கண்டன்சர் மைக்கை மனதில் வைத்துச் செய்தவை. கண்டன்சர் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், மின்சாரம் தரும். அதனால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, குறைவாக இருந்தாலும் போதும்.

பெரிய கம்பெனிகளே இதை எப்படித் தீர்த்திருக்கின்றன என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஷூரின் எஸ்எம்7 1973ல் வந்தது. 2001ல் எஸ்எம்7பி. இன்று பாட்காஸ்ட் செய்பவர்கள் முகத்துக்கு முன்னால் தொங்குவது இதுதான். இது எஸ்எம்58ஐவிடக் குறைவாக, 1.12 மில்லிவோல்ட்தான் தரும்; 60 டெசிபல் கெயின் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்பவர்களிடம் அவ்வளவு நல்ல ப்ரீஆம்ப் இல்லை என்ற புகார் பெருகியது. 2023ல் எஸ்எம்7டிபி வந்தது. முன்பாதி அதே மைக். பின்னால் 18 அல்லது 28 டெசிபல் கூட்டும் சின்ன ப்ரீஆம்ப் ஒன்றை உள்ளேயே வைத்தார்கள், அவ்வளவுதான். 2020ல் வந்த எம்வி7 இன்னொரு வழியில் போனது: ஒலியைப் பிடிக்கும் உறுப்பான கேப்ஸ்யூல் டைனமிக் வகை, பின்னால் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டும் உண்டு, யூஎஸ்பியும் உண்டு. 2015ல் வந்த எம்வி51 மூன்றாவது வகை. பார்க்க யூனிடைன் 55 சாயல், உள்ளே இருப்பது கண்டன்சர். அழகான பொருள்தான், ஆனால் அதைப் பழைய வடிவமைப்பின் தொடர்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். தொடர்ச்சி என்றால் எஸ்எம்7டிபி.

நாமும் அதையே செய்யலாம். ஃபேன்டம் பவரில், அதாவது மிக்சர் மைக் வயர் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தில், ஓடும் சிறிய பூஸ்டர்கள் கிடைக்கின்றன. மைக்குக்கும் வயருக்கும் நடுவே செருகினால் 20 முதல் 25 டெசிபல் கூடும். செருக வேண்டிய இடம் மைக்கின் பக்கம், மிக்சரின் பக்கம் அல்ல. தேர் வரும் பாதையில் 50 மீட்டர் வயர் ஓடும். பக்கத்திலேயே சீரியல் செட் வயர், ஜெனரேட்டர் வயர். அந்த வழியில் ஒட்டிக்கொள்ளும் ஹம்மை, அதாவது மின்சார ரீங்காரத்தை, முதலிலேயே பெரிதாக்கப்பட்ட சிக்னல் எளிதாகத் தாண்டிவிடும்.

ஒரு பழைய மைக்கைத் திறந்தால்

சாக்கு மூட்டை மைக்குகளில் நிறைய ஹை இம்பீடன்ஸ், அதாவது மின்தடை அதிகமுள்ள, வகை. கால் அங்குல ஜாக், ஒற்றைக் கம்பியும் மேலே பின்னலும் வைத்த வயர், கைப்பிடிக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்ளிஃபயர் காலத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வரம். ஆம்ப்ளிஃபயருக்கு அதிக வோல்டேஜ் வேண்டும், காயில் தரும் வோல்டேஜை அது ஏற்றிக்கொடுத்தது. விலையாகப் போனது வயரின் நீளம். 50,000 ஓம் மைக்கில் 20 மீட்டர் வயர் போட்டால், வயரின் மின்தேக்கத்தால் 1,600 ஹெர்ட்ஸுக்கு மேலேயே ஒலி சரிய ஆரம்பிக்கும். மனிதக் குரலின் தெளிவில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. 200 ஓம் மைக்கில் அதே வயர் ஒரு பாதிப்பும் செய்யாது. பழைய பதிவுகளில் குரல் மூக்கடைத்ததுபோல் கேட்பதற்கு வயதைக் காரணம் சொல்கிறோம்; பல நேரம் அது வெறும் வயர்.

தங்கச்சிமடத்துப் பக்கம் ஒரு கடையின் மேசையில் இப்படியொரு மைக்கைத் திறந்ததைச் சொல்கிறேன். கழுத்துத் திருகு மூன்றும் துருவேறி இருந்தன. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுக்க வேண்டியிருந்தது. தலைக்கூட்டைக் கழற்றியதும் உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது, பிசுபிசுப்பான மஞ்சள் பொடி. கவிழ்த்துப் பிடித்து ஊதாமல் தட்டி எடுக்க வேண்டும்; நிமிர்த்திப் பிடித்தால் அத்தனையும் டயஃப்ரம் மேல் போய் ஒட்டும். டயஃப்ரம் மெல்லிய பிளாஸ்டிக், நடுவில் குமிழ். அதன் ஓரத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இரண்டு கம்பிகள் வெளியே வந்து பித்தளைக் காதுகளில் பற்றவைக்கப்பட்டிருந்தன. கடைக்கார அண்ணன் ஸ்க்ரூடிரைவரை அருகே கொண்டுபோனபோது காந்தம் அதைச் சட்டென்று இழுத்தது. “மெதுவாண்ணே, மெதுவா” என்று நான் பதறியதைப் பார்த்து, பித்தளை முனை வைத்த ஒன்றை மேசை டிராயரிலிருந்து எடுத்தார். அவருக்கு அது முன்பே பழக்கம். ஸ்க்ரூடிரைவர் அந்தக் குமிழில் ஒருமுறை இடித்தாலும் மைக் அதோடு முடிந்தது.

மல்டிமீட்டர் வைத்தால் காயில் சுமார் 200 ஓம் காட்டியது. அறுந்திருந்தால் முள் அசையாது. காயில் நலமாக இருந்தால் மிச்சமெல்லாம் பின்பாதி வேலை. டிரான்ஸ்ஃபார்மரை விலக்கிவிட்டு, காயிலின் இரு முனைகளை எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் 2ஆம், 3ஆம் பின்களுக்கும், உலோகக் கூட்டை 1ஆம் பின்னுக்கும் கொண்டுபோக வேண்டும். காயிலின் எந்த முனையையும் கூட்டோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இரண்டு நஷ்டம். ஹம்மைத் தானே கழித்துவிடும் சமநிலை போய்விடும். யாராவது ஃபேன்டம் பவர் சுவிட்சைப் போட்டால் 48 வோல்ட், 6.8 கிலோ ஓம் மின்தடை வழியே, 7 மில்லிஆம்பியராகக் காயிலில் ஓடும். இரு முனையும் கூட்டோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தால் ஃபேன்டம் வந்தாலும் மைக்குக்கு அது தெரியவே தெரியாது.

இந்த 48 வோல்ட் எப்படி வந்தது என்பது சுவையான விஷயம். 1966ல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே வானொலிக்குச் செய்துகொடுத்தபோது, அங்கே ஸ்டூடியோவில் அவசர விளக்குக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் கொடுத்தார்கள். உலகம் முழுவதற்கும் அதுவே வழக்கமானது. இன்றைய யூஎஸ்பி பெட்டியில் வெறும் 5 வோல்ட்தான் வருகிறது. அதை 48ஆக ஏற்ற உள்ளே ஒரு சுவிட்சிங் சர்க்யூட் ஓடும். அது ஒழுங்காகச் செய்யப்படாவிட்டாலும், யூஎஸ்பியின் தரவுப் போக்குவரத்து மின்சாரத்தில் கசிந்தாலும், மெல்லிய கீச்சுச் சத்தம் பதிவில் ஏறும். யூஎஸ்பி வகையைப் பொறுத்து அது 1,000 ஹெர்ட்ஸிலோ 8,000 ஹெர்ட்ஸிலோ நிற்கும். பதிவில் இந்தக் கீச்சு கேட்டால் மைக்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

உப்பு

இப்போது நம் ஊர்க் கணக்கு. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அதற்குக் கீழேயே நசநசக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், அடுப்படியில் உப்புச் சாடி வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்ததுதான். பாம்பன், மண்டபம் பக்கம் பல இரவுகள் அந்த 75ஐ எளிதாகத் தாண்டும். கடலிலிருந்து வரும் காற்று கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளை எல்லாப் பொருள் மேலும் படியவைக்கும். பகலில் அது வெறும் தூசு. இரவில் அது மின்சாரம் கடத்தும் ஈரப்படலம்.

கண்டன்சர் மைக்குக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. 1916ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த வென்டெ செய்த முதல் கண்டன்சரிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: மெல்லிய டயஃப்ரம், பின்னால் ஒரு உலோகத் தட்டு, நடுவில் முடியளவு இடைவெளி, அதில் நிறுத்திவைத்த மின்னூட்டம். அந்த மின்னூட்டம் கசியாமல் இருக்க, சுற்றிலும் இருக்கும் மின்தடை நூறு கோடி ஓம் அளவில் இருந்தாக வேண்டும். காப்பு வளையத்தின் மேல் உப்பு ஈரம் படிந்தால் அந்தக் கணக்கு சரிந்துவிடும். பொரி வெடிக்கும் சத்தம், திடீர் திடீரென்று ஒலி அமுங்குவது, காலையில் நன்றாக இருந்தது இரவில் கெட்டது, மறுநாள் வெயிலில் தானே சரியானது என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் இதே நோய்தான். ஏசி காரில் கொண்டுவந்த மைக்கைக் கடற்கரையில் உடனே எடுத்தாலும் இதுதான் நடக்கும். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீராகப் படியும். பெட்டியை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறப்பது நல்லது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் இந்தப் பக்கம் கண்டன்சர் வைத்துக்கொள்வது வீண்செலவு.

கண்டன்சரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை, சினிமா ஒலிப்பதிவாளர்கள் பயன்படுத்தும் 416 உட்பட, வேறு வழியில் வேலை செய்கிறது. அதில் கேப்ஸ்யூல் அதிக மின்னூட்டத்தைத் தாங்கி நிற்பதில்லை. 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒரு சுற்றின் பகுதியாக இருக்கிறது. அங்கே மின்தடை குறைவு, அதனால் ஈரத்தின் கசிவு பெரிய பாதிப்பு செய்யாது. 1960களின் சிந்தனை, இன்றும் கடலோரப் படப்பிடிப்புகளைக் காப்பாற்றுகிறது. விலைதான் நம் கடைகளுக்கு எட்டாது.

மூட்டையில் கிரிஸ்டல் மைக் கிடைத்தால் அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். 1950, 60களில் மலிவு மைக்குகளில் இருந்தது ரோஷெல் உப்புப் படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும், ஆனால் அதுவே உப்பு. ஈரத்தில் கரையும், 55 டிகிரி சூட்டில் குணம் கெடும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் ஒரு மதியம் போதும். விசைப்படகில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் இதே தத்துவம்தான், அங்கே செராமிக் வைத்திருப்பதால் கடலில் பிழைக்கிறது. ரிப்பன் மைக்கும் இந்தப் பக்கத்துக்கு ஆகாது. சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினிய நாடாவை ஒரு வாடைக்காற்று கிழித்துப் போட்டுவிடும்.

எஞ்சுவது டைனமிக். காயிலுக்கு 200 ஓம் போதும். உப்புப் படலத்தின் கசிவு அதற்குப் பொருட்டே இல்லை. கூடு துருப்பிடிக்கும், ஜாக் களிம்பேறும், இரண்டையும் மாற்றலாம்.

காற்று

பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளந்து ரயிலையே நிறுத்திவைக்கும் ஊர் இது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜெட்டியில் நின்று யாரையாவது பேட்டி எடுத்துப் பாருங்கள். பின்துளை வைத்த மைக்கில் இடி இடிப்பதுபோல் பதிவாகும். டயஃப்ரத்தின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை வைத்துத்தான் அது திசை பிரிக்கிறது. காற்றின் சுழிப்பு தருவதும் அதே அழுத்த வேறுபாடுதான். எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி மைக்கில் பின்துளை இல்லை, காற்றின் தொந்தரவு மிகக் குறைவு. நெருங்கிப் பேசினாலும் அடித்தொனி கூடாது. 1960களில் செய்தியாளர்கள் கையில் இருந்த எலெக்ட்ரோ-வாய்ஸ் 635ஏ இந்த வகை. ஆணி அடிக்கலாம் என்று பேர் வாங்கிய மைக். அதையே உள்ளே ரப்பர் தாங்கல் வைத்து ஆர்இ50 என்று பிறகு செய்தார்கள்.

கூட்டத்தில் ஆம்னி கூவும் என்பதால் மைக்செட் கடைகளில் அதை ஒதுக்கிவைத்திருப்பார்கள். ஆனால் பதிவுக்கும் நேரலைப் பேட்டிக்கும் ஸ்பீக்கர் இல்லை, கூவுவதற்கு வழியே இல்லை. பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலிக்கு யாராவது கடற்கரையில் குரல் சேகரிக்கப் போவதாக இருந்தால், நான் முதலில் எடுத்துக்கொடுப்பது பழைய டைனமிக் ஆம்னியைத்தான். மூட்டையில் அதைக் கண்டுபிடிப்பது எளிது: தலைக்குக் கீழே துளையோ பிளவோ இருக்காது, ஹெட்போனில் கேட்டபடி மைக்கைச் சுற்றித் திருப்பினால் குரல் மாறாது.

எந்த மைக்கானாலும் காற்று இரைச்சலை வெட்டும் லோ-கட் சுவிட்ச் ப்ரீஆம்புக்கு முன்னாலோ அதன் முதல் கட்டத்திலோ இருக்க வேண்டும். காற்றின் அடியில் ப்ரீஆம்பே நிரம்பி வழிந்துவிட்டால் பின்னால் மென்பொருளால் மீட்க எதுவும் மிஞ்சாது. 32 பிட் ஃப்ளோட் பதிவுக் கருவிகள், 2019ல் வந்த ஜூம் எஃப்6 போன்றவை, திடீரென்று உரக்கக் கத்தினாலும் ஒலி சிதையாமல் காக்கும். ஒப்பாரிக்கும் குலவைக்கும் அது பெரிய உதவி. ஆனால் மைக்கின் இரைச்சலையோ காற்றையோ அது குறைக்காது. விளம்பரத்தில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

செல்போனில் நேரடியாகப் பதிபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போனின் மென்பொருள் அருகில் பேசும் ஒற்றைக் குரலைத் தேடும். மற்றதை இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று நீட்டுவார்களே, அந்த நீட்டலைப் போன் தின்றுவிடும். ஆண்ட்ராய்டு 7 முதல் திருத்தாத ஒலியை எடுக்கும் வசதி உண்டு. எல்லாப் போனிலும் அது ஒழுங்காக வேலை செய்வதில்லை; அதைக் கேட்டு வாங்கும் பதிவுச் செயலியும் வேண்டும். பழைய மைக்கைப் போனின் இயர்போன் துளையில் செருகுவதும் உதவாது. அந்தத் துளை எலெக்ட்ரெட் என்ற சின்னக் கண்டன்சர் மைக்குக்கென்று 2, 3 வோல்ட் கொடுக்கும். டைனமிக்கின் மெல்லிய சிக்னலுக்குத் தேவையான கெயின் அங்கே இல்லை. டைப்-சி துளையில் செருகும், 60 டெசிபல் கெயின் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் வழி.

கடைசியாக, திருவிழா மேடையில் ஒரே மைக்கை ஆம்ப்ளிஃபயருக்கும் நேரலைக்கும் கொடுப்பது. இரண்டு மைக்கைச் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டாம். பூசாரிக்கும் பாதிரியாருக்கும் அது இடைஞ்சல். 200 ஓம் டைனமிக் மைக் ஒன்றை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு பெட்டியின் உள்ளீடும் 2,000 ஓம் பக்கம் இருக்கும், இரண்டையும் சேர்த்தால் 1,000. மைக்கின் மின்தடையைப் போல் அது ஐந்து மடங்கு, தாராளம். ஆம்ப்ளிஃபயருக்கு நேர் வயரும், நேரலைப் பெட்டிக்கு ஒரு பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் போனால் இரண்டின் எர்த்தும் ஒன்றையொன்று தொடாது. ஜெனரேட்டரில் ஓடும் ஆம்ப்ளிஃபயரின் ஹம் யூடியூபுக்குப் போகாது. பழைய ஹை இம்பீடன்ஸ் மைக்கிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரை இதற்குப் பயன்படுத்த முடியாது, அதன் விகிதம் வேறு. 1:1 விகிதத்தில் தனியாக வாங்க வேண்டும்.